ஊரறிந்த இரகசியம்

லாவோஸில் 1964 முதல் 1973 வரை அமெரிக்கா நடத்திய போருக்கு 'இரகசியப் போர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. நூல்களிலும் ஆவணப்படங்களிலும் அப்படித்தான் வருகிறது. இந்தப் பெயரைக் கொஞ்சம் உரசிப் பார்த்தால் ஒரு கேள்வி எழும்: யாருக்கு இரகசியம்? சியெங் குவாங் மாகாணத்து உழவருக்கு அதில் இரகசியம் எதுவும் இல்லை. விமானச் சத்தம் கேட்டதும் குகைக்குள் ஓடி, பகலெல்லாம் பதுங்கிக் கிடந்து, இருட்டிய பிறகு வயலில் இறங்கியவர்கள் அவர்கள். வட வியட்நாம் தலைநகர் ஹனோய்க்கும் தெரியும், குண்டு விழுந்ததில் ஒரு பங்கு அதன் படைகள் மேல்தான். மாஸ்கோவும் பெய்ஜிங்கும் லாவோஸ் தலைநகர் வியன்டியானில் தூதரகம் வைத்திருந்தன. அவற்றுக்கும் தெரியாமல் இருக்க வழியில்லை. தாய்லாந்தின் உடோர்ன் தளத்திலிருந்து நாள்தோறும் விமானங்கள் கிளம்பியதை அந்த ஊர்க் கடைக்காரர் எண்ணிச் சொல்லியிருப்பார். இத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்று ஒரே ஒரு கூட்டத்தாரின் காதுக்கு மட்டும் போகக் கூடாது என்று பாதுகாக்கப்பட்டது. அந்தப் போருக்கு வரி கட்டிய, அதை நடத்தியவர்களுக்கு வாக்களித்த அமெரிக்கக் குடிமக்கள்தான் அந்தக் கூட்டத்தார்.

அமெரிக்காவின் அயல்நாட்டுத் தலையீடுகளைப் பற்றி நம் மொழியில் எழுதப்படும் விமர்சனங்கள் பெரும்பாலும் நோக்கத்தைத் தேடிப் போகின்றன. எண்ணெய், ஆயுத வணிகம், கம்யூனிச அச்சம், பேரரசு ஆசை என்று பட்டியல் நீளும். நோக்கங்கள் முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் லாவோஸில் எண்ணெயும் இல்லை, பெரிய சந்தையும் இல்லை. அன்றைக்கு முப்பது லட்சம் பேர்கூட இல்லாத, கடற்கரையற்ற, மலைகள் நிறைந்த ஏழை நாடு அது. அங்கே ஒன்பது ஆண்டுகள் ஒரு போர் இடைவிடாமல் ஓட முடிந்தது எப்படி என்று கேட்டால், நோக்கத்தைவிட நடைமுறையே தெளிவான விடை தருகிறது. போருக்கு விலை கொடுப்பவர்கள் ஒரு பக்கமும், போருக்குச் சம்மதம் தர வேண்டியவர்கள் மறுபக்கமும் முற்றிலும் பிரிக்கப்பட்டிருந்தார்கள். அந்தப் பிரிவினை லாவோஸோடு முடியவில்லை. அதைத் தடுக்கவென்று 1973-இல் இயற்றப்பட்ட சட்டமே அதற்கு நிரந்தர வழி அமைத்துக் கொடுத்துவிட்டது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

கதையின் தொடக்கத்தில் ஒரு சர்வதேச உடன்பாடு இருக்கிறது. 1962 ஜூலை 23 அன்று ஜெனீவாவில் 14 நாடுகள் கையெழுத்திட்டு லாவோஸை நடுநிலை நாடாக அறிவித்தன. வெளிநாட்டுப் படைகள் எல்லாம் வெளியேற வேண்டும். கண்காணிக்க இந்தியா, கனடா, போலந்து மூன்றும் சேர்ந்த ஆணையம், தலைமை இந்தியாவுக்கு. அமெரிக்கா தன் ராணுவ ஆலோசகர் 666 பேரைச் சோதனைச் சாவடி வழியாக எண்ணிக் காட்டி வெளியேற்றியது. வட வியட்நாம் தரப்பில் அப்படி வெளியேறியதாகக் கணக்கில் வந்தவர்கள் வெறும் 40 பேர். ஆயிரக்கணக்கானோர் அங்கேயே தங்கிவிட்டார்கள். தென் வியட்நாமுக்கு ஆளும் ஆயுதமும் போகும் ஹோ சி மின் பாதை லாவோஸின் கிழக்குக் காடுகள் வழியாக ஓடியது. அதை ஹனோய் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. ஆக, உடன்பாட்டை முதலில் மீறியது ஹனோய்தான் என்று அமெரிக்கர்கள் சொல்வதில் பொய் இல்லை. அமெரிக்காவும் சில மாதங்களில் தன் வழியைக் கண்டுகொண்டது. ராணுவ உடை அணிந்தவர்களை அனுப்பினால்தானே மீறல்? உடையைக் கழற்றிவிட்டு அனுப்பினால்?

அப்படித்தான் லாவோஸ் போரின் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. தரையில் போரிட ஹ்மோங் மலைமக்கள். அவர்களுக்குத் தளபதி வாங் பாவ். 1961 ஜனவரியிலேயே சி.ஐ.ஏ. அவரோடு உடன்பாடு செய்துகொண்டுவிட்டது. லாங் டியெங் என்ற பள்ளத்தாக்கு அந்தப் படையின் தலைமையிடமானது. அரிசியும் துப்பாக்கியும் கொண்டுவந்து இறக்க ஏர் அமெரிக்கா என்ற விமான நிறுவனம். பெயருக்குத் தனியார், உடைமை சி.ஐ.ஏ.வுடையது. அகதிகளுக்கு உணவு தருவதாக ஏட்டில் எழுதப்பட்ட அமெரிக்க உதவி நிறுவனப் பணத்தில் ஒரு பகுதி படைக்குப் போனது. இதற்கெல்லாம் மேலே தளபதியின் இடத்தில் இருந்தவர் ஒரு தூதர். 1964 முதல் 1969 வரை தூதராக இருந்த வில்லியம் சல்லிவனின் ஒப்புதல் இல்லாமல் எந்த இடத்திலும் குண்டு போட முடியாது என்பது ஏற்பாடு. தரைப்படையை மட்டும் லாவோஸுக்குள் விடக் கூடாது என்பதில் அவர் விடாப்பிடியாக இருந்தார். அமெரிக்கச் சவப்பெட்டி வந்தால் கேள்வியும் சேர்ந்து வரும் என்பது அவருக்குத் தெரியும். ஹ்மோங் சவப்பெட்டிகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஹ்மோங் மக்களிடையே பல ஆண்டுகள் பணியாற்றிய எட்கர் பியூல் என்ற அமெரிக்க உதவிப் பணியாளர், 1968-இல் புதிதாகச் சேர்க்கப்பட்டவர்களில் பத்து வயதுச் சிறுவர்களும் இருந்ததை வேதனையோடு சொல்லியிருக்கிறார். வளர்ந்த ஆண்கள் அதற்குள் தீர்ந்துபோயிருந்தார்கள்.

இந்த ஏற்பாடு ஒரு தனி மனிதனின் ஆவணங்களுக்குள் எப்படி நுழைந்தது என்பதற்கு ரிச்சர்ட் எட்ச்பெர்கரின் கதை போதும். அமெரிக்க விமானப்படையில் ராடார் வல்லுநர். வட வியட்நாம் எல்லைக்கு அருகே ஃபூ ஃபா தி என்ற செங்குத்து மலை உச்சியில், ஹனோய் மீது குண்டு போடும் விமானங்களுக்கு வழிகாட்ட ஒரு ராடார் நிலையத்தை அமெரிக்கா நிறுவியது. நடுநிலை நாட்டில் அமெரிக்க ராணுவத்தார் இருக்கக் கூடாதல்லவா? எனவே அங்கே போனவர்கள் விமானப்படையிலிருந்து ஏட்டளவில் விலகி, லாக்ஹீட் நிறுவனத்தின் ஊழியர்களாக மாறினார்கள். சட்டைப் பையில் நிறுவன அடையாள அட்டை. வீட்டில் மனைவி இரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்து. 1968 மார்ச் 10, 11 தேதிகளில் வட வியட்நாம் வீரர்கள் பாறைமுகத்தில் ஏறி வந்து நிலையத்தைத் தாக்கினார்கள். 12 அமெரிக்கர்கள் இறந்தார்கள். காயம்பட்ட தோழர்களை ஹெலிகாப்டரின் கயிற்றுக் கொக்கியில் மாட்டி அனுப்பிவிட்டுக் கடைசியாக ஏறிய எட்ச்பெர்கர், ஹெலிகாப்டருக்குள்ளேயே குண்டு பாய்ந்து இறந்தார். பிள்ளைகளிடம் ஹெலிகாப்டர் விபத்து என்று சொல்லப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகு கோப்புகள் திறக்கப்பட்டபோதுதான் அவர்களுக்கு உண்மை தெரிந்தது. நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் 2010 செப்டம்பரில் வெள்ளை மாளிகையில் மகன்களிடம் கொடுக்கப்பட்டது. இறந்து 42 ஆண்டுகள் கழித்து. இரகசியத்தின் இலக்கு எதிரி என்றால், பாறை ஏறி வந்து அவரைச் சுட்ட எதிரிக்கு எதை மறைக்க வேண்டியிருந்தது?

1968 நவம்பரில் அதிபர் ஜான்சன் வட வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்தினார். உலகம் முழுக்க அது அமைதிக்கான அடியாக வரவேற்கப்பட்டது. லாவோஸ்காரர்களுக்கு அன்றுதான் உண்மையான போர் தொடங்கியது. வடக்கே போய்க்கொண்டிருந்த விமானங்கள் திசை மாறி அவர்கள் தலைக்கு மேல் வந்தன. ஏன் லாவோஸில் திடீரென்று குண்டுவீச்சு கூடியது என்று 1969-இல் செனட் விசாரணையில் கேட்டபோது, வியன்டியான் தூதரகத்தில் இரண்டாம் நிலையில் இருந்த மான்டீகிள் ஸ்டேர்ன்ஸ் சொன்ன விளக்கத்தின் சாரம்: அத்தனை விமானங்கள் சும்மா நின்றுகொண்டிருந்தன, வேலையில்லாமல் வைத்திருக்க முடியவில்லை. அந்த விளக்கத்தில் வன்மம் இல்லை, கொள்கைகூட இல்லை. அந்த வெறுமைதான் திகைக்க வைக்கிறது. செலவு கேட்க ஆளில்லாத இடத்தில், இருக்கும் கருவியே தனக்கு வேலை தேடிக்கொள்ளும். ஒன்பது ஆண்டுகளில் சுமார் 5,80,000 தாக்குதல் பறப்புகள். 20 லட்சம் டன்னுக்கும் மேல் குண்டு. சராசரி எடுத்தால் எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானச் சுமை, இரவும் பகலும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் சேர்த்து அமெரிக்கா போட்டதைவிட இது குறைவில்லை.

அதில் பெருந்தொகை கொத்துக்குண்டு. பெரிய உறை நடுவானில் திறந்துகொள்ள, உள்ளே இருக்கும் அறுநூற்றுச் சொச்சம் சிறு குண்டுகள் பல ஏக்கர் பரப்பில் சிதறும். ஒவ்வொன்றும் டென்னிஸ் பந்து அளவு. அதன் உலோக ஓட்டுக்குள் சைக்கிள் சக்கரத்தில் இருக்கும் பால்ரஸ் போன்ற எஃகு உருண்டைகள் சுமார் 300 பதிக்கப்பட்டிருக்கும். கட்டடத்தையோ பாலத்தையோ அதனால் ஒன்றும் செய்ய முடியாது. உடம்பைத் துளைப்பதற்கென்றே செய்தது. லாவோஸ் மண்ணில் விழுந்தவை 27 கோடி என்று கணக்கு. அதில் கிட்டத்தட்ட 30 சதவீதம், அதாவது 8 கோடி, வெடிக்காமல் சேற்றிலும் மூங்கில் புதரிலும் புதைந்தன. லாவோ மக்கள் அதை 'பாம்பி' என்கிறார்கள். வீட்டுப் பிராணிக்கு வைக்கிற பெயர் போல ஒலிக்கும். குண்டுறைகளின் நீண்ட உலோகப் பாதிகளைத் தானியக் கிடங்குக்குக் கால்களாக நட்டும், வேலியாக வரிசையிட்டும், வெங்காயத்தாள் வளர்க்கும் தொட்டியாக வைத்தும் அந்த ஊர்களில் பயன்படுத்துகிறார்கள். நபியா என்ற கிராமத்தில் போர்க்கழிவு அலுமினியத்தை உருக்கிக் கரண்டி வார்க்கிறார்கள். பழைய இரும்புக்குக் காசு கிடைக்கும் என்பதால் குண்டைத் தேடிப் போவோரும் உண்டு. போர் முடிந்த பிறகு மட்டும் 20,000-க்கும் மேற்பட்டோர் இவற்றால் இறந்தோ ஊனப்பட்டோ இருக்கிறார்கள். அதில் குழந்தைகளின் பங்கு பெரிது. பந்து போல இருப்பதைக் குழந்தை வேறென்ன செய்யும்?

அமெரிக்காவில் திரை விலகியது மெதுவாகத்தான். ஃப்ரெட் பிரான்ஃப்மன் என்ற இளம் அமெரிக்கத் தன்னார்வப் பணியாளர், சியெங் குவாங்கின் ஜாடிச் சமவெளியிலிருந்து வியன்டியானுக்குக் கொண்டுவரப்பட்ட அகதிகளிடம் 1969-இல் பேசத் தொடங்கினார். அவர்கள் பென்சிலால் வரைந்த படங்களையும் சொன்ன சாட்சியங்களையும் சேர்த்து 1972-இல் நூலாக்கினார். அதே 1969 அக்டோபரில் செனட்டர் ஸ்டூவர்ட் சைமிங்டன் தலைமையிலான துணைக்குழு மூடிய கதவுக்குள் லாவோஸ் பற்றி விசாரித்தது. எழுத்துப்படி வெளிவர ஆறு மாதம் ஆனது; வந்தபோதும் பல பக்கங்களில் வெட்டு. இதற்கிடையே 1970 மார்ச் 6 அன்று அதிபர் நிக்சன், லாவோஸில் பணியில் இருந்த எந்த அமெரிக்கரும் தரைப்போரில் கொல்லப்படவில்லை என்று அறிக்கை விட்டார். சில நாள்களிலேயே அது பொய் என்று பத்திரிகைகள் காட்டின. 1969 பிப்ரவரியில் ஒரு கேப்டன் அப்படி இறந்திருந்தார். சர்ச்சை அனல் பறந்தது. அந்தச் சர்ச்சை எதைப் பற்றியது என்று கவனித்தால் இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வந்துவிடலாம். லட்சக்கணக்கான டன் குண்டைப் பற்றியது அல்ல. ஓர் அமெரிக்கர் இறந்தாரா இல்லையா என்பதைப் பற்றியது. 1969 டிசம்பரில் செனட் போட்ட கடிவாளமும் அதே அளவுகோலில் அமைந்தது: லாவோஸிலும் தாய்லாந்திலும் அமெரிக்கத் தரைப்படையைப் போருக்கு இறக்க நிதி கிடையாது. ஆகாயத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. சல்லிவன் முதல் நாளிலிருந்து கடைப்பிடித்த விதியையே செனட் சட்டமாக்கிக் கொடுத்தது என்று சொன்னால் தவறில்லை.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு; அவற்றில் இரண்டு கனமானவை. முதலாவது, இரகசியத்தைக் கேட்டதே லாவோஸ் பிரதமர் சுவன்ன பூமாதான் என்பது. வெளிப்படையாக ஒப்புக்கொண்டால் ஜெனீவா உடன்பாடு முறிந்துவிடும், சோவியத் ஒன்றியமும் கண்டும் காணாமல் இருக்க முடியாது, போர் பெரிதாகிவிடும் என்று அவர் அஞ்சினார். இது உண்மை, 1964, 1965 காலத்துக்கு நியாயமும்கூட. அரசுகளுக்கிடையே முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் மௌனங்கள் இராஜதந்திரத்தில் சாதாரணம். ஆனால் மாஸ்கோவிடம் பேசாமல் இருப்பதும் சொந்த நாட்டு மன்றத்திடம் மறைப்பதும் ஒன்றாகிவிடாது. மேலும், அந்த மௌனத்தால் போர் சிறிதாக இருந்ததா? 1968-க்குப் பிறகு அது பல மடங்கு பெருத்தது, மௌனம் மட்டும் அப்படியே இருந்தது. ஹனோயின் மீறல்தான் காரணம் என்றால் அதை உரக்கச் சொல்லி ஆதரவு கேட்டிருக்கலாம், வலுவான வழக்குதான். கேட்டால் மறுக்கப்படலாம் என்ற அச்சம் இருந்ததால்தான் கேட்கவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது: அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஏமாற்றப்படவில்லை, தெரிந்துகொண்டே பணம் ஒதுக்கியது. இதிலும் உண்மை இருக்கிறது. சைமிங்டனே அதற்கு முன் அந்தப் பகுதிக்குப் போய்ப் பார்த்தவர். வியட்நாமோடு ஒப்பிட்டால் எவ்வளவு மலிவாக லாவோஸ் போர் நடக்கிறது என்று மெச்சியவர்களில் அவரும் ஒருவர். 1969-இல் அவர் காட்டிய அதிர்ச்சியில் கொஞ்சம் நடிப்பு உண்டென்று அன்றைய சி.ஐ.ஏ.காரர்கள் முணுமுணுத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த எதிர்வாதம் என் வாதத்தை உடைக்கவில்லை, கெட்டிப்படுத்துகிறது. தெரிந்துவைத்திருந்த சிலரும் 'மலிவு' என்ற சொல்லில் திருப்தியடைந்தார்கள். யாருக்கு மலிவு? 1975 மே மாதம் லாங் டியெங்கிலிருந்து வாங் பாவையும் சுமார் 2,500 பேரையும் விமானத்தில் ஏற்றிப் போனார்கள். ஓடுபாதையில் நின்ற ஆயிரமாயிரம் பேர் விடப்பட்டார்கள். அவர்கள் மெக்காங் ஆற்றை மூங்கில் தெப்பத்தில் கடந்ததும், வழியில் மாண்டதும், தாய்லாந்து முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததும், மினசோட்டாவின் பனியில் போய்ச் சேர்ந்ததும் அந்த மலிவுக் கணக்கில் இல்லை. அவர்களுக்காக ஆர்லிங்டன் கல்லறையில் ஒரு சிறு நினைவுப் பலகை வைக்கப்பட்டது 1997-இல்.

1973 ஒரு விசித்திரமான ஆண்டு. பிப்ரவரியில் லாவோஸில் போர்நிறுத்தம். அதே ஆண்டில் கட்டாய ராணுவச் சேர்ப்பு முடிவுக்கு வந்தது. நவம்பர் 7 அன்று நிக்சனின் மறுப்பை இரு அவைகளும் தாண்டிப் போர் அதிகாரத் தீர்மானத்தை நிறைவேற்றின. படையை மோதலில் இறக்கினால் 48 மணி நேரத்தில் காங்கிரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிட்டால் 60 நாளில் திரும்ப அழைக்க வேண்டும். லாவோஸ் இனி நடக்காது என்று பலர் நம்பினார்கள். மிசூரி செனட்டர் தாமஸ் ஈகிள்டன் மட்டும் வரைவைப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: இந்தச் சட்டம் 'ஆயுதப்படை' என்கிறது; சி.ஐ.ஏ. நடத்தும் படைகள், ஒப்பந்தக்காரர்கள், உடை மாற்றி அனுப்பப்பட்டவர்கள் எதில் வருவார்கள்? அவர்களையும் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். செனட் நிராகரித்தது. தான் தொடங்கிவைத்த சட்டத்துக்கே எதிராக அவர் வாக்களித்தார். லாவோஸ் போரின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து இந்தச் சட்டத்தின் முன் வைத்துப் பாருங்கள்: ஹ்மோங் படை வராது, ஏர் அமெரிக்கா வராது, லாக்ஹீட் அடையாள அட்டையோடு இறந்த எட்ச்பெர்கர்கூட ஏட்டளவில் வரமாட்டார்.

விமானப்படையாவது வருமல்லவா என்று கேட்கலாம். அதற்கு விடை 2011-இல் கிடைத்தது. மார்ச் 19 அன்று லிபியா மீது அமெரிக்கா குண்டுவீச்சைத் தொடங்கியது, ஐ.நா. பாதுகாப்பு அவையின் தீர்மானம் கையில் இருந்தது, இந்தியா உட்பட ஐந்து நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கியிருந்தன. 60 நாள் கெடு மே மாதத்தில் முடிந்தது. போர் முடியவில்லை. ஜூனில் வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் ஹரால்ட் கோ செனட்டில் விளக்கினார்: தரைப்படை இல்லை, அமெரிக்க வீரருக்கு உயிர்ச்சேதம் இல்லை, அதற்கான ஆபத்தும் குறைவு, எனவே சட்டம் சொல்லும் 'மோதல்' இதுவல்ல. குண்டு யார் மேல் விழுகிறது என்பது அந்தச் சொல்லின் பொருளில் இடம்பெறவில்லை. போடுபவருக்கு என்ன ஆகும் என்பதே அளவு. சட்ட வாதமாக இதைப் பலர் எள்ளினார்கள். ஆனால் 1969 செனட் கடிவாளத்தின் நேர் வாரிசு இது. ஜூன் 24 அன்று பிரதிநிதிகள் அவை செய்தது இன்னும் நேர்த்தி: போருக்கு ஒப்புதல் தர மறுத்து 295-123 என்று வாக்களித்தது; அதே நாளில் போருக்கான நிதியைக் கட்டுப்படுத்தும் மசோதாவையும் 238-180 என்று தோற்கடித்தது. சம்மதமும் இல்லை, தடையும் இல்லை. லிபியாவை ஆண்ட கடாஃபி வீழ்ந்த பின் அந்த நாடு இரண்டாகப் பிளந்து எரிந்ததை அன்றைய அதிபர் ஒபாமாவே பிறகு தன் ஆட்சியின் மோசமான தவறாகச் சொன்னார், அடுத்த நாளுக்குத் திட்டமிடாமல் விட்டது பற்றி.

2001 செப்டம்பர் தாக்குதலுக்கு மூன்றே நாளில் காங்கிரஸ் அதிபருக்குத் தந்த போர் அதிகாரம் அறுபது ஆங்கிலச் சொற்களால் ஆன ஒரே வாக்கியம். செனட்டில் 98-0, பிரதிநிதிகள் அவையில் 420-1. அந்த ஒற்றை எதிர்வாக்கு கலிஃபோர்னியாவின் பார்பரா லீயுடையது. எல்லையில்லாத வெற்றுக் காசோலை என்றார். அந்த வாக்கியத்தில் இடமும் இல்லை, முடிவுத் தேதியும் இல்லை. ஆப்கானிஸ்தானுக்கென்று பிறந்த அது ஏமன், சோமாலியா, சிரியா என்று நடந்துகொண்டே போனது. 2017 அக்டோபர் 4 அன்று நைஜரின் டோங்கோ டோங்கோ கிராமத்தருகே பதுங்கித் தாக்கியதில் நான்கு அமெரிக்க வீரர்கள் இறந்தபோது, அந்த நாட்டில் நம் ஆட்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் இருப்பதே தெரியாது என்று செனட்டர்கள் சிலர் வாய்விட்டுச் சொன்னார்கள். அது மறைக்கப்பட்ட செய்தி அல்ல, அறிக்கைகளில் இருந்தது. லாவோஸில் ஒளிக்க வேண்டியிருந்ததை இப்போது ஒளிக்கத் தேவையில்லை, படிக்க யாரும் வருவதில்லை. போதாக்குறைக்கு, 1983-இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் தந்த தீர்ப்பின் விளைவாக, நடக்கும் போரை நிறுத்தச் சொல்லும் தீர்மானமும் அதிபரின் கையெழுத்துக்குப் போக வேண்டியதாயிற்று. 2019-இல் ஏமன் போருக்கான உதவியை நிறுத்த இரு அவைகளும் தீர்மானித்தன, அதிபர் டிரம்ப் மறுத்தார், மறுப்பைத் தாண்ட மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. தொடங்க ஒருவர் போதும், நிறுத்த 67 செனட்டர்கள் வேண்டும்.

இங்கே ஒரு நேர்மையான மறுப்பைச் சந்திக்க வேண்டும். ஈராக்கில் சுமார் 4,500 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள், ஆப்கானிஸ்தானில் 2,400-க்கும் மேல். அவை வெளிப்படையான போர்கள், முறையான ஒப்புதல் பெற்றவை. எனினும் ஒன்று இருபது ஆண்டு ஓடியது. அப்படியானால் விலை தெரிந்தால் போர் நிற்கும் என்ற வாதம் என்னாவது? விலை எந்தெந்த வழியாக வீட்டுக்குள் நுழையும் என்று பார்த்தால் விடை கிடைக்கும். வியட்நாம் காலத்தில் கட்டாயச் சேர்ப்பு இருந்தது. கல்லூரி மாணவனின் சட்டைப் பையில் அவன் எண் இருந்தது. 1968-இல் ஜான்சன் வருமான வரிமேல் 10 சதவீதக் கூடுதல் வரியும் போட்டார். 2003-இல் ஈராக் படையெடுப்பு நடந்த சில வாரங்களில் அதிபர் புஷ் வரியைக் குறைத்தார். போர் கடனில் நடந்தது. விரும்பிப் படையில் சேர்ந்தவர்களின் குடும்பங்கள் மக்கள்தொகையில் மிகச் சிறிய பங்கு. அவர்களின் துக்கம் அவர்கள் தெருவோடு நின்றது. ஒப்புதல் வாக்கு ஒருமுறை பெறப்பட்டது உண்மைதான், ஆனால் யாரிடமும் மறுபடி கேட்க வேண்டிய நெருக்கடி ஏற்படவில்லை. இன்னொரு மறுப்பும் உண்டு: நெருக்கடி நேரத்தில் மன்றத்தின் விவாதத்துக்குக் காத்திருந்தால் உயிர்கள் போகும், போஸ்னியாவைப் பாருங்கள், ருவாண்டாவைப் பாருங்கள் என்று தாராளவாதத் தலையீட்டை ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். அவசரம் என்பது 60 நாளுக்குப் பொருந்தும் நியாயம். ஒன்பது ஆண்டுக்கோ இருபது ஆண்டுக்கோ பொருந்தாது. மற்ற வல்லரசுகளும் இதைத்தானே செய்கின்றன என்பதும் சரியே. சோவியத் அரசு ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த துத்தநாகச் சவப்பெட்டிகளை எப்படிச் சத்தமில்லாமல் புதைக்க வைத்தது என்பது தெரிந்த கதை. அந்த நாட்டில் கேட்டுப் பெற வேண்டிய சம்மதம் என்று ஒன்று இருக்கவில்லை. அமெரிக்க அரசியல் சட்டமோ போரை அறிவிக்கும் அதிகாரத்தை மன்றத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறது.

2016 செப்டம்பரில் ஒபாமா வியன்டியான் வந்தார். பதவியில் இருக்கும்போது லாவோஸுக்கு வந்த முதல் அமெரிக்க அதிபர் அவர்தான். குண்டுகளை அகற்ற மூன்று ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர் அறிவித்தார். அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் கொடுத்தது மொத்தம் 10 கோடி. மன்னிப்பு என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை, தார்மீகக் கடமை என்றார். கொத்துக்குண்டைத் தடைசெய்யும் ஒப்பந்தம் 2010-இல் நடைமுறைக்கு வந்து, அதன் முதல் கூட்டம் வியன்டியானிலேயே நடந்தது. அமெரிக்கா அதில் இல்லை. ஜெனீவா ஆணையத்துக்குத் தலைமை தாங்கிய இந்தியாவும் இல்லை. 2023-இல் அமெரிக்கா உக்ரைனுக்குக் கொத்துக்குண்டு அனுப்பியது.

லாவோஸில் செலவு கேட்க ஆளில்லை என்று மேலே சொன்னதைக் கணக்கே இல்லை என்று படித்துவிடக் கூடாது. கணக்கு இருந்தது, மிகத் துல்லியமாகவே. ஒவ்வொரு பறப்புக்கும் தேதி, விமான வகை, குண்டின் வகையும் எண்ணிக்கையும், அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் விமானப்படையின் கணினிப் பதிவுகளில் ஏறியிருந்தன. 5,80,000 என்ற எண்ணே அவற்றைக் கூட்டி வந்ததுதான். பிற்காலத்தில் வாஷிங்டன் அந்தப் பதிவுகளைத் திறந்தது, இன்று குண்டகற்றும் குழுக்கள் அவற்றை வரைபடத்தின் மேல் புள்ளிகளாக வைத்துப் பார்க்கின்றன. ஆனால் பதிவில் இருக்கும் புள்ளியும் மண்ணுக்குள் இருக்கும் குண்டும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. அதனால் உலோகங்காட்டிக் கருவியை எடுப்பதற்கு முன்னால், குழுவினர் ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்து, எந்த வயலில், எந்த ஓடைக்கரையில் விழுந்தது என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள்.